சோலை வரியும் ஒழுங்கை வாசலும்



போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் நடந்தது பலருக்கும் தெரியும். சோலை வரிக்கு வீடுகளை மறுமதிப்பீடு செய்ய வந்த இரண்டு தம்பிமார் போனை எடுத்து ஒவ்வொரு வளவுக்கும் முன்னால் நின்று படம் பிடித்திருக்கிறார்கள். லுஹருக்குப் பிந்திய நேரம், ஆம்பிளைகள் யாரும் வீட்டில் இல்லை. அரைவாசி வீடுகளில் கேற்றும் திறந்துதான் கிடந்தது. அஸருக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் ஒரே சத்தம். "இது றோட்டு இல்ல, எங்கட காணியில விட்ட வழி" என்றார் ஒருவர். "வரி கட்ட விருப்பமில்லாட்டி நேரா சொல்லுங்க" என்றார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொன்னதும் பழைய கதை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 1662இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னரின் காலத்தில் அடுப்பு வரி வந்தது. வீட்டில் எத்தனை கணப்படுப்பு இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் வருடம் 2 ஷில்லிங். அடுப்பு வீட்டுக்குள்ளே இருக்கிற சாமான். அதை எண்ண உள்ளே போகத்தானே வேண்டும்? முதலில் வீட்டுக்காரர் கொடுத்த கணக்கை நம்பினார்கள். பணம் குறையவே, 1664இல் வரி அதிகாரி ஊர்க் காவலரோடு உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்று சட்டம் போட்டார்கள். வரியை விட அந்த நுழைவைத்தான் சனம் வெறுத்தது. அடுப்பை மறைத்தார்கள், புகைக்கூண்டை அடைத்தார்கள். 1684இல் ஒக்ஸ்போர்ட்ஷயரில் சேர்ச்சில் என்ற ஊரில் பாண் சுடும் ஒரு பெண், வரிக்குத் தப்ப நினைத்து, தன் போறணையின் புகையைச் சுவரை உடைத்து அயல் வீட்டுப் புகைக்கூண்டுக்குள் விட்டிருக்கிறார். தீப்பற்றி ஏறக்குறைய 20 வீடுகள் எரிந்தன. நாலு பேர் மரணம்.

1689இல் புது அரசர் வந்ததும் அந்த வரியை நீக்கினார்கள். தெரியாத ஆட்கள் எந்த வீட்டிலும் புகுந்து சோதிக்க அது இடம் கொடுக்கிறது என்பதையே சட்டத்தில் காரணமாக எழுதினார்கள். ஆனால் அரசாங்கத்துக்குப் பணம் தேவைதானே. 1696இல் ஜன்னல் வரி வந்தது. ஜன்னலைத் தெருவில் நின்றே எண்ணலாம் என்பதுதான் அதன் கெட்டித்தனம். அதற்கும் சனம் வழி கண்டுபிடித்தது, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தது. ஏழைகள் வாடகைக்கு இருந்த கட்டடங்கள் இருண்டு, காற்றில்லாமல் நோய் பெருகியது. 1851 வரை அந்த வரி இருந்தது.

எங்கள் நாட்டில் ஒல்லாந்தர் மேற்குக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் தோம்பு எழுதினார்கள். ஆளை, காணியை, தென்னை பலாவைக் கூட எண்ணிப் பதிந்தார்கள். எழுதப்பட்ட நாளில் அது யாருக்கு இனித்திருக்கும்? இன்று தங்கள் பரம்பரையைத் தேடுகிறவர்கள் அதே தோம்பைப் புரட்டத்தான் கொழும்பு சுவடிகள் கூடத்துக்குப் போகிறார்கள்.

படம் எடுப்பதும் புதிதல்ல. 1939 முதல் 1941 வரை நியூயோர்க் நகரத்தின் வரித் திணைக்களம் ஐந்து பெரும் பிரிவுகளிலும் இருந்த கட்டடம் ஒவ்வொன்றையும் படம் எடுத்தது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். வீட்டுக்கு முன்னால் காணி இலக்கம் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பார். அதுவும் வரி மதிப்பீட்டுக்குத்தான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் தெருவில் நின்று எடுத்தார்கள். எங்கள் கேள்வி தெரு இல்லாத இடத்தைப் பற்றியது.

அந்தக் கேள்வி 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் நீதிமன்றம் ஏறியது. 'தனியார் பாதை' என்று பலகை போட்டிருந்த வழிக்குள் கூகுளின் கார் வந்து வீட்டைப் படம் எடுத்தது என்று ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டின் படம் அந்தப் பகுதியின் வரி மதிப்பீட்டு அலுவலக இணையத்தளத்தில் ஏற்கனவே கிடந்தது. 2010இல் மேல் நீதிமன்றம் விஷயத்தை இரண்டாகப் பிரித்தது. வெளியிலிருந்து தெரியும் வீட்டைப் படம் எடுத்ததால் அந்தரங்கம் பறிபோனது என்ற வாதம் நிற்காது. அனுமதியில்லாமல் பாதைக்குள் வந்தது அத்துமீறல் என்ற வாதத்தைத் தொடரலாம். கடைசியில் அந்தத் தம்பதிக்குக் கிடைத்தது ஒரு டொலர். சிரிப்பு வரும், ஆனாலும் அத்துமீறல்தான் என்று பதிவானது.

எங்களுக்கு இது அந்நியச் சட்டமும் இல்லை. இமாம் நவவி மின்ஹாஜில் மறுமுனை திறக்காத ஒழுங்கையைப் பற்றித் தனியாகவே பேசுகிறார்: அது பொது வழி அல்ல, அதற்குள் வாசல் வைத்திருப்பவர்களுக்குச் சொந்தம். ஸூரா அந்நூரிலோ, சலாம் சொல்லி அனுமதி கேள், திரும்பிப் போ என்றால் திரும்பிவிடு என்ற ஒழுக்கம் இருக்கிறது. அது அதிகாரிக்கும் பொருந்தும். அதே நேரம், வளவை மறைத்துப் பொய்க் கணக்குக் கொடுக்கவும் மார்க்கத்தில் இடமில்லை. வீதி விளக்கும் குப்பை வண்டியும் அந்தச் சோலை வரியில்தான் ஓடுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுனாமிக்கு முந்தின எங்கள் மூத்தம்மாவின் வீட்டுக்கு ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. திண்ணை எந்தப் பக்கம் இருந்தது என்று இன்றைக்கும் மாமாமார் இரண்டு பேரும் வாதம் பிடிப்பார்கள். அன்று யாராவது வரிக்காரர் ஒருவர் வந்து ஒரு படம் எடுத்திருந்தால் என்று நான் நினைத்ததுண்டு.

ஆகவே என் கருத்து இதுதான். படம் எடுக்கட்டும். ஆனால் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பள்ளியில் அறிவிக்கச் சொல்லி எழுத்தில் கேட்போம். ஒழுங்கை வாசலில் நின்று சலாம் சொல்லட்டும். எங்களில் ஒருவர் கூடவே போகட்டும். கேற் மூடிய பிறகு, வெளிச்சுவரோடு வீட்டின் முன்பக்கம் மட்டும் எடுக்கட்டும். மற்ற அளவுகளை வீட்டுக்காரரே சொல்லலாம்.

கடிதத்தை எழுதிவிட்டேன். கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் நாளை மஃரிபுக்குப் பிறகு பள்ளி வராந்தாவுக்கு வாருங்கள். கூடப் போக நேரமுள்ள இரண்டு பேரும் தேவை. ஓய்வுபெற்ற சேர்மார் யாராவது முன்வந்தால் நல்லது, அவர்களைக் கண்டால் அந்தத் தம்பிமாரும் போனைக் கொஞ்சம் பதித்துத்தான் பிடிப்பார்கள்.