இயன்ற மட்டும் என்றால் எவ்வளவு?

அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972-ல் இன்றைய வடிவம் பெற்றது. மழைநீர் வடிகால்களுக்கான விதி அதில் சேர்ந்தது 1987-ல்தான். 402-ஆம் பிரிவில் நகராட்சி வடிகால் அனுமதியைப் பற்றிச் சொல்லும் வாசகம் சில வரிகளே. அதன் பொருளைத் தமிழில் துண்டு துண்டாகத் தந்து விளக்குகிறேன்.

*அனுமதியை வடிகால் அமைப்பு முழுவதற்குமோ நிர்வாக எல்லை முழுவதற்குமோ சேர்த்து வழங்கலாம்.*

ஒரு நகரத்தின் மழைநீர் எத்தனையோ குழாய்வாய்கள் வழியாக ஆற்றில் விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி என்றால் வேலை நகராது. நியாயமான ஏற்பாடு.

*மழைநீர் அல்லாதவை வடிகாலில் சேராமல் தடுக்க வேண்டும்.*

திருட்டுச் சாக்கடை இணைப்பு, பட்டறையின் கழிவு எண்ணெய் ஆகியவற்றுக்கான தடை இது.

*மாசுகளை நடைமுறையில் இயன்ற உச்ச அளவுக்குக் குறைக்கும் கட்டுப்பாடுகளை விதிக்க வேண்டும்.*

வழக்குகள் மூண்டது இங்கேதான். சட்டத்தில் இதற்கு முந்தைய பத்தி, தொழிற்சாலை மழைநீர், நீர்த்தர அளவுகளை எட்டும் வரம்புகளைக் கோரும் 301-ஆம் பிரிவுக்கு முழுமையாக உட்பட வேண்டும் என்கிறது. நகரங்களைச் சொல்லும்போது அந்த நிபந்தனை இல்லை. ஆகவே நீர்த்தர அளவுகளை நகரங்கள் கண்டிப்பாக எட்டியாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என, அரிசோனாவின் ஐந்து உள்ளாட்சிகள் தொடர்பான வழக்கில் 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு விரும்பினால் அதைக் கேட்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. பலரும் மறந்துவிடும் பாதி இது.

*மேலாண்மை நடைமுறைகள், பொறியியல் முறைகள் முதலியன இதில் அடங்கும்.*

தெருப் பெருக்குதல், வண்டல் படியும் குட்டை, புல் வாய்க்கால் போன்றவை. குட்டை வெட்டினீர்களா என்று அதிகாரி கேட்கலாம்; ஆற்றுக்குப் போன செம்பு எவ்வளவு என்று கேட்க இவை போதா. கார் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் செம்பு கலந்த பிரேக் கட்டை தேய்ந்து செம்புத்தூள் சாலையில் படிகிறது. மழை அதை அடித்துக்கொண்டு போகிறது. நீரில் கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே சால்மன் மீனின் மோப்பத்தைக் கெடுக்கிறது. அந்த மீனுக்குக் குட்டைகளின் எண்ணிக்கை முக்கியமல்ல, லிட்டரில் எத்தனை மைக்ரோகிராம் என்பதே முக்கியம்.

எண் வரம்பு வைப்பது எளிதல்ல என்பது உண்மை. மழைக்கு மழை நீரின் அளவு மாறும். கட்டுமானத் தலங்களிலிருந்து ஓடும் நீரின் கலங்கல் 280 என்.டி.யு.வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-ல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியது. தரவைத் தவறாகப் புரிந்து கணக்கிட்டதை முகமையே ஒப்புக்கொண்டு நிறுத்திவைத்தது. 2014-ல் முற்றாக விலக்கிக்கொண்டது. கணக்கைத் திருத்தி வேறு எண்ணை வைத்திருக்கலாம். எண்ணையே கைவிட்டது பெரும் இழப்பு.

*பொருத்தமெனக் கருதும் பிற விதிகளும் அடங்கும்.*

எண் வரம்புக்கான இடம் இந்தக் கடைசித் துண்டில் இருக்கிறது. சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் சான் ஃபிரான்சிஸ்கோவின் வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஒரு முடிவு சொன்னது. ஏற்கும் நீர்நிலையின் தரம் கெடாமல் பார்த்துக்கொள் என்று பொதுவாக எழுதி, பொறுப்பை அனுமதி பெறுபவர் தலையில் கட்ட முடியாது. என்ன செய்ய வேண்டும் என்பதை முகமையே வகுத்துச் சொல்ல வேண்டும். எண் வரம்பை அத்தீர்ப்பு தொடவில்லை. ஐந்தாண்டுக்கு மிகாமல் வழங்கப்படும் நகராட்சி வடிகால் அனுமதிகள் புதுப்பிக்க வரும்போது, குழாய்வாயில் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதுவது இனி அதிகாரிகளின் வேலை.