புரொஃபைலர் (மென்பொருள்)

புரொஃபைலர் என்பது, ஒரு நிரல் ஓடும்போது அதன் நேரமும் நினைவகமும் எந்தெந்தப் பகுதியில் செலவாகின்றன என்று கணக்கெடுத்துச் சொல்லும் மென்பொருள் கருவி. ஒரே நிரலை இரண்டு புரொஃபைலர்களில் ஓட்டினால் இரண்டு வேறுபட்ட பட்டியல்கள் வருவதுண்டு. கருவிக்குக் கருவி அளக்கும் பொருள் வேறு. அளக்கும் செயலே நிரலின் ஓட்டத்தை ஓரளவு மாற்றியும் விடுகிறது. அதனால் ஒரு கருவி தரும் எண்ணை நம்புவதற்கு முன், அந்த எண் எப்படிப் பெறப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வரலாறு

நிரலின் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே பொதுவாக ஓட்ட நேரத்தில் பாதிக்குமேல் எடுத்துக்கொள்கிறது என்று, ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்த டொனால்டு குனூத் 1971-இல் எழுதினார். அந்தச் சிறு பகுதியைக் கண்டுபிடிப்பதுதான் புரொஃபைலரின் வேலை. 1982-இல் பெர்க்கிலியில் சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கெர்க் மெக்குசிக் மூவரும் ஜிபுரொஃப் கருவியை வெளியிட்டனர். எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற உறவோடு நேரத்தைப் பங்கிட்டுக் காட்டியது அதன் புதுமை. வால்கிரின்ட் கருவித்தொகுதி 2002-இல் வந்தது. 2009-இல் லினக்ஸ் கெர்னல் 2.6.31-உடன் பெர்ஃப் கருவி சேர்ந்தது. அளவீடுகளை ஒரே பார்வையில் படிக்க உதவும் சுடர் வரைபடத்தைப் பிரெண்டன் கிரெக் 2011-இல் உருவாக்கினார்.

செருகல் முறை

செயற்கூறுகளின் நுழைவிலும் முடிவிலும் கணக்கெடுக்கும் வேலையைச் செருகுவது இம்முறை. பைத்தானோடு வரும் சிபுரொஃபைல் இவ்வகை. ஒரு செயற்கூறு எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற எண்ணிக்கை இதில் பிசகாது. நேரக் கணக்கில்தான் சிக்கல். அடிக்கடி அழைக்கப்படும் சிறிய செயற்கூறுகளில், வேலைக்கு ஆகும் நேரத்தோடு கணக்கெடுக்கும் நேரமும் சேர்ந்து அவற்றைப் பெரிய செலவாளிகளாகக் காட்டும். சிபுரொஃபைலில் இன்னொரு சாய்வும் உண்டு: இந்தக் கூடுதல் சுமை பைத்தான் நிரலின் மேல் விழுகிறது, சி மொழியில் எழுதிய உள்செயற்கூறுகளின் மேல் விழுவதில்லை. ஆகவே பைத்தான் பகுதியோடு ஒப்பிடும்போது சி பகுதி உள்ளதைவிட வேகமானதாகத் தெரியும்.

ஜிபுரொஃபும் இவ்வாறே அழைப்புகளை எண்ணுகிறது, நேரத்தை மட்டும் அடுத்து வரும் முறைப்படி மாதிரியெடுத்து மதிப்பிடுகிறது. பிறகு, எல்லா அழைப்புகளும் சம நேரம் எடுத்தன என்று வைத்துக்கொண்டு பங்கு பிரிக்கிறது. எடுத்துக்காட்டாக, ‘பெருக்கு’ என்ற செயற்கூற்றை ‘அ’ ஒரு முறை பெரிய அணியோடு அழைக்கிறது. அதற்கு 9 வினாடி. ‘ஆ’ ஒன்பது முறை சிறிய அணிகளோடு அழைக்கிறது. எல்லாம் சேர்த்து 1 வினாடி. ஜிபுரொஃப் மொத்தம் 10 வினாடியைப் பத்து அழைப்புகளுக்கும் சமமாகப் பிரித்து, ‘அ’வுக்கு 1 வினாடியும் ‘ஆ’வுக்கு 9 வினாடியும் எழுதும். பழி அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

மாதிரியெடுப்பு முறை

குறித்த இடைவெளியில் நிரலை எட்டிப் பார்த்து, அந்த நொடியில் எந்த இடம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்வது இம்முறை. பெர்ஃப், பைத்தானுக்கான பை-ஸ்பை, ஜாவாவுக்கான அசிங்க்-புரொஃபைலர் ஆகியவை இவ்வகை. சுமை குறைவு என்பதால் பயன்பாட்டில் உள்ள சர்வரிலேயே ஓட்டலாம்.

கிடைப்பது புள்ளியியல் மதிப்பீடு. ஒரு செயற்கூற்றின் மேல் 25 மாதிரிகள் விழுந்தால் ஏறக்குறைய 5 கூடலாம், குறையலாம். அதாவது 20 விழுக்காடு. 2,500 மாதிரிகள் இருந்தால் ஐயம் 2 விழுக்காடாகச் சுருங்கும். எனவே பட்டியலின் மேல்வரிசைகளை நம்பலாம்; அடிவரிசைகளைப் பற்றி வாதிடுவது வீண். வினாடிக்கு 100 முறை நடக்கும் வேலைகளோடு தாளம் ஒத்துப்போய்விடாமல் இருக்கவே பெர்ஃபில் 99 என்ற வீதத்தைப் பலர் தேர்கிறார்கள். செயலியில் ஓடும் நேரத்தை மட்டும் மாதிரியெடுத்தால், வட்டுக்கோ பூட்டுக்கோ காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. அழைப்புச் சங்கிலியைச் சரியாகப் படிக்க ஃபிரேம் பாயின்டர் இருப்பது உதவும். அதற்காகவே ஃபெடோரா 38, உபுண்டு 24.04 ஆகியவை தங்கள் தொகுப்புகளை அதோடு கட்டமைக்கின்றன.

பாவனை முறை

வால்கிரின்ட் குடும்பத்தின் கேச்கிரின்ட், நிரலை ஒரு பாவனைச் செயலியில் ஓட்டி ஆணைகளை எண்ணுகிறது. ஓட்டம் பல பத்து மடங்கு மெதுவாகும். பதிலுக்கு விடை ஏறக்குறைய மாறாமல் நிற்கும். எஸ்கியூலைட் தரவுத்தள மென்பொருளின் குழு சிறுசிறு மேம்பாடுகளை அளக்க இதைப் பயன்படுத்துகிறது. முடிவுகள் ஏழு இலக்கம் வரை மீண்டும் அப்படியே வருகின்றன, கடிகார நேரமோ ஓரிலக்கத்துக்கு மேல் நிலைப்பதில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் எண்ணப்படுபவை ஆணைகள். குறைந்த ஆணைகள் என்றால் குறைந்த நேரம் என்று எப்போதும் முடிவுகட்ட முடியாது.

காரண முறை

சார்லி கர்ட்சிங்கரும் எமரி பெர்கரும் 2015-இல் வெளியிட்ட கோஸ், ஒரு வரி வேகமானால் மொத்த நிரலுக்கு என்ன கிடைக்கும் என்று சோதிக்கிறது. ஒரு வரியை உண்மையில் வேகப்படுத்த முடியாது என்பதால், அது ஓடும்போது மற்ற இழைகளைத் தாமதப்படுத்திப் பார்க்கிறது. எஸ்கியூலைட்டில் கோஸ் சுட்டிய மூன்று செயற்கூறுகள், பெர்ஃப் கணக்குப்படி மொத்த நேரத்தில் 0.15 விழுக்காடுதான். அவற்றைத் திருத்தியபோது நிரல் 25 விழுக்காடு வேகமடைந்தது.

நம்பகத்தன்மை

மாதிரியெடுப்பு எந்தக் கணத்திலும் சமவாய்ப்போடு நிகழ வேண்டும். இது தவறினால் எத்தனை மாதிரி சேர்த்தாலும் பிழை குறையாது. டாட் மிட்கோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் நான்கு ஜாவா புரொஃபைலர்களை ஒப்பிட்டனர். அதிக நேரம் எடுக்கும் செயற்கூறு எது என்பதிலேயே அவை அடிக்கடி முரண்பட்டன. அவை ஜாவா இயந்திரம் நிறுத்த அனுமதிக்கும் இடங்களில் மட்டுமே மாதிரி எடுத்ததுதான் காரணம். அத்தகைய இடம் இல்லாத ஒரு வளையத்தில் செலவான நேரம், வளையம் முடிந்தபின் வரும் இடத்தின் கணக்கில் விழும். அசிங்க்-புரொஃபைலர் இந்தக் குறையைத் தவிர்க்கவே எழுதப்பட்டது.

கருவி சரியாக இருந்தாலும் சூழல் ஏமாற்றலாம். அதே குழுவினர் 2009-இல், சூழல் மாறிகளின் மொத்த நீளம் மாறினாலே நினைவகத்தில் ஸ்டாக் நகர்ந்து ஓட்ட நேரம் மாறுவதைக் காட்டினர். கம்பைலரின் மேம்பாட்டு நிலைகளில் எது சிறந்தது என்ற முடிவே இதனால் புரண்டுவிடக்கூடும்.

தேர்வு

சர்வரில் எங்கே நேரம் போகிறது என்று முதலில் தேட மாதிரியெடுப்பு பொருந்தும். எத்தனை முறை என்ற கேள்விக்குச் செருகல் முறை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னடைவு உண்டா என்று தானியங்கியாகப் பார்க்கப் பாவனை. பல இழைகள் ஒன்றையொன்று காத்திருக்கும் நிரலுக்குக் காரண முறை. ஒரே பொருளை அளக்கும் இரண்டு கருவிகள் முரண்பட்டால் குறைந்தது ஒன்று தவறு. அப்போது செய்யக்கூடிய நேரடிச் சோதனை, குற்றம் சாட்டப்பட்ட செயற்கூற்றை வேண்டுமென்றே மெதுவாக்கி, கருவியின் எண் அதற்கேற்ப உயர்கிறதா என்று பார்ப்பது. உயராவிட்டால் அந்தக் கருவி அளப்பது வேறெதையோ.