பிள்ளையின் அளவுக்கு ஒரு பைக் – ட்ரெயில் பைக்கின் கதை



பெருநாள் பின்னேரங்களில் நம்முடைய பாதைகளில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஓ/எல் சோதனை முடிந்த கையோடு பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுக்கும் வழக்கமும் ஊருக்குள் கூடிக்கொண்டு வருகிறது. அதிலும் பொடியன்கள் கேட்பது பஜா, ஜெபெல் போன்ற ட்ரெயில் பைக்தான். இந்த ஆசை நம்மூரில் பிறந்ததல்ல. பைக் பழகும் ஒரு பிள்ளை எதில் ஓட வேண்டும், எங்கே ஓட வேண்டும், யார் முன்னால் ஓட வேண்டும் என்று உலகம் 60 வருடங்களாக யோசித்து வந்திருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளை உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1958இல் சுப்பர் கப் என்ற 50 சீசீ பைக்கை வெளியிட்டது. நம்மூர்ப் பெரியவர்கள் "ஹொண்டா 50" என்று சொல்வது அந்தக் குடும்பத்து வண்டியைத்தான். அடுத்த வருடம் ஹொண்டா அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் கடை திறந்தது. கொஞ்சக் காலத்தில் கணக்கில் ஒரு புதினம் தெரிந்தது. ஐடாஹோ மாநிலத்தின் பொய்சி என்ற சிறிய நகரத்தில் ஒரே ஒரு வியாபாரி, லொஸ் ஏஞ்சல்ஸ் வியாபாரிகள் எல்லோரையும் விட அதிகமாக ஹொண்டா 50 விற்றுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஹெர்ப் யூல். அவர் செய்தது சின்ன வேலைதான். பின் சக்கரத்தில் செயின் ஓடும் பற்சக்கரத்தைப் பெரிதாக்கினார், மண்ணில் பிடிக்கும் பெரிய பூ வெட்டிய டயரைப் போட்டார். அதனால் வண்டியின் வேகம் குறைந்தது, இழுவை கூடியது. வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் மலைக்குப் போகிறவர்கள் விரும்பி வாங்கினார்கள். ஹொண்டா அதைப் பார்த்து 1961இல் "ட்ரெயில் 50" என்ற வண்டியைத் தானே செய்து விற்றது.

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இந்த வண்டியின் பெருமை வேகம் அல்ல. ஆளை விழுத்தாமல் மெதுவாக மேட்டில் ஏறுவதுதான். இன்று நம் பிள்ளைகள் ட்ரெயில் பைக்கில் தேடுவது இதற்கு நேர் எதிரானது.

அதே 1961இல் டோக்கியோவுக்குப் பக்கத்தில் டாமா டெக் என்ற விளையாட்டுப் பூங்காவை ஹொண்டா திறந்தது. அங்கு பிள்ளைகள் ஓடுவதற்கென்றே 5 அங்குலச் சக்கரங்களோடு 49 சீசீ குட்டி பைக் ஒன்று செய்தார்கள். பெரியவர்கள் அதில் குந்திக்கொண்டு ஓடுவது குரங்கு ஓடுவதைப் போல இருந்ததால் "மங்கி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அது பொதுப் பாதைக்கென்று செய்யப்பட்டதல்ல. வேலி போட்ட இடத்துக்குள், பார்த்துக்கொள்ள ஆட்கள் நிற்கும் இடத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. 1960களின் கடைசியில் அதன் வழியில் வந்த "மினி ட்ரெயில்" அமெரிக்கப் பிள்ளைகளிடம் பெரிய பெயர் எடுத்தது.

ஆசிரியர் என்ற வகையில் எனக்கு மிகவும் பிடித்தது இனி வரும் பகுதி. ஃப்ரெட் ஹோஷியாமா என்பவர் ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில், ஜப்பானிய வம்சம் என்ற ஒரே காரணத்துக்காக ஆயிரக்கணக்கானவர்களோடு அவரையும் அரசு முகாமில் அடைத்தது. முதலில் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில், பிறகு யூட்டா மாநிலத்தின் வனாந்தரத்தில் உள்ள டோபாஸ் முகாமில். வெளியே வந்தவர் அந்தக் கசப்போடு உட்கார்ந்துவிடவில்லை. வை.எம்.சீ.ஏ. அமைப்பில் இளைஞர்களுக்காக உழைத்தார். 1969 அளவில், பொலிஸிலும் நீதிமன்றத்திலும் அகப்பட்ட, பாடசாலையை விட்ட பிள்ளைகளுக்காக குட்டி பைக் திட்டம் ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஹொண்டா சுமார் 10,000 பைக்குகளை அன்பளிப்பாகக் கொடுத்தது. அமெரிக்க அரசின் பணமும் வந்தது.

பைக் சும்மா கிடைக்கவில்லை. பிள்ளை ஓர் உடன்படிக்கைக்கு வர வேண்டும். ஹெல்மெட் போட வேண்டும், சொன்ன இடத்தில் மட்டும் ஓட வேண்டும், நடத்தையைத் திருத்திக்கொள்ள வேண்டும். பக்கத்தில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்பார். யாருடைய புத்திமதியையும் கேட்காத பிள்ளை, பைக்குக்காக வந்து அந்தப் பெரியவரோடு பேசத் தொடங்கும். திட்டத்தின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருந்தது.

பிறகு 1981இல் யமஹா பிடபிள்யூ 50 வந்தது. அதன் ஆசனம் தரையிலிருந்து சுமார் 19 அங்குலம்தான். கிளச் இல்லை, கியர் மாற்றத் தேவையில்லை. பிள்ளையின் கால் மாட்டிக்கொள்ள செயினும் இல்லை. இரண்டு பிரேக்கும் சைக்கிளைப் போல கையில். எல்லாவற்றையும் விட முக்கியம், எக்ஸிலேட்டரில் இருக்கும் ஒரு சின்ன ஆணி. அதை முறுக்கி வைத்தால் பிள்ளை எவ்வளவு திருகினாலும் வாப்பா வைத்த அளவுக்கு மேல் வேகம் போகாது. பிள்ளை பழகப் பழக ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம். 40 வருடங்களுக்கு மேலாகியும் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

இந்த அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிள்ளைகளின் பொருட்களில் ஈயம் இருக்கக் கூடாது என்று அமெரிக்கா 2008இல் சட்டம் போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் குட்டி பைக்கின் டயர் வால்வு, பெற்றரி முனை போன்ற உலோகப் பாகங்களில் கொஞ்சம் ஈயம் இருந்ததால், 2009 பெப்ரவரி 10 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பைக்குகளைக் கடைகள் விற்க முடியாமல் போனது. குட்டி வண்டி கிடைக்காவிட்டால் பிள்ளை ஓடாமல் விடுமா? பெரியவர்களின் வண்டியில் ஏறும், அதுதான் பெரிய ஆபத்து என்று பலரும் எச்சரித்தார்கள். பாதுகாப்பு ஆணைக்குழுவே அதை ஏற்றுக்கொண்டு சில மாதங்களில் தடையை நிறுத்தி வைத்தது. 2011 ஓகஸ்டில் சட்டமே திருத்தப்பட்டு, இந்த வாகனங்களுக்கு விலக்குக் கிடைத்தது.

நம் பாதைகளில் நடப்பது அதுவேதான். பிள்ளையின் அளவுக்கு வண்டியும் இல்லை, பழக இடமும் இல்லை. எனவே லைசென்ஸ் வயது வராத பொடியன், கால் நிலத்தில் எட்டாத 250 சீசீ வண்டியில் பிரதான வீதிக்குப் போகிறான். குட்டி பைக் இங்கே கிடைப்பதும் அருமை, விலையும் அதிகம். எல்லோரும் அதை வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வண்டிகளைச் செய்தவர்களின் யோசனைக்குக் காசு தேவையில்லை.

வாப்பாமாரே, முதல் பைக்கைத் தெரிவு செய்யும்போது மகனை ஆசனத்தில் இருத்திப் பாருங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் படிய வேண்டும். விழுந்தால் தானே தூக்கி நிறுத்தக்கூடிய பாரமாக இருக்க வேண்டும். வயது வந்து லைசென்ஸ் எடுக்கும் வரை வீதிக்கு விடாதீர்கள். ஹெல்மெட் பொலிஸுக்காகப் போடுவதல்ல.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெருநாளைக்கு முந்தி ஜும்ஆவில் எச்சரிக்கை வாசிக்கிறோம், அது தேவைதான். அதோடு ஒரு வெறும் வளவைப் பார்த்து, காணிக்காரரின் அனுமதியோடு வேலி போட்டு, பைக் நன்றாகத் தெரிந்த இரண்டு பெரியவர்களை நிறுத்தி, ஹெல்மெட் போட்டவனுக்கு மட்டும் என்று மாதத்தில் ஒரு நாள் பழக விட முடியாதா? நம் பிள்ளைகளும் பைக்குக்காகவாவது வருவார்கள். வந்தவர்களோடு பேசலாம்.

இடம் தரக்கூடியவர்கள், நேரம் தரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள். பெருநாளைக்கு முந்தி உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.