வயதை மீறி வாசிக்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

தரம் 2 இல் படிக்கும் பிள்ளை தரம் 6 புத்தகத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறது என்று ஆசிரியர் சொன்னால் எந்தப் பெற்றோருக்கும் மகிழ்ச்சிதான். சிக்கல் அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் தொடங்கும். தன் வயதுப் புத்தகங்கள் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தரம் 6 பிள்ளைகளுக்கு எழுதப்பட்டவையோ நட்பின் துரோகம், முதல் காதல், பெற்றோரின் பிரிவு என்று போகும். ஏழு வயதுக்கு அவை எதற்கு?

படப் புத்தகத்துக்கும் நாவலுக்கும் நடுவே இருப்பவை அத்தியாயப் புத்தகங்கள். சிறு அத்தியாயங்கள், இடையிடையே சில படங்கள். 1992 இல் தொடங்கிய 'மஜிக் ட்ரீ ஹவுஸ்' வரிசை நல்ல உதாரணம். வேகமாக வாசிக்கும் பிள்ளை இந்தப் படியைச் சில மாதங்களில் தாண்டிவிடும். அதன் பிறகுதான் பெற்றோருக்குத் தடுமாற்றம்.

அப்போது பலரும் வாசிப்பு மட்ட எண்களைத் தேடுகிறார்கள். அவற்றில் பரவலாகத் தெரிந்தது லெக்சைல் அளவு. அது கணக்கிடுவது வாக்கியங்களின் நீளத்தையும், சொற்கள் எவ்வளவு அடிக்கடி புழங்குபவை என்பதையும்தான். கதை எதைப் பற்றியது என்று அதற்குத் தெரியாது. பண்ணைப் பன்றிக்கும் சிலந்திக்குமான நட்பைச் சொல்லும் 'சார்லொட்ஸ் வெப்' பெறும் எண் 680. அமெரிக்கப் பஞ்சகாலத்து இடப்பெயர்வைச் சொல்லும், முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கான ஜோன் ஸ்ரைன்பெக்கின் 'கிறேப்ஸ் ஒவ் ராத்' நாவலுக்கும் அதே 680. இந்த எண்ணை மட்டும் நம்பிப் புத்தகம் எடுப்பது, சப்பாத்தின் அளவை மட்டும் பார்த்து ஆளைத் தெரிவு செய்வது போன்றது.

வரிசைப் புத்தகங்களில் இன்னொரு பொறி உண்டு. ஹரி பொட்டரின் முதல் புத்தகத்தை (1997) நன்றாக வாசிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். நான்காவதில் (2000) பாடசாலை மாணவன் ஒருவனே கொல்லப்படுகிறான். கதாநாயகனுக்கு வயது ஏற ஏறக் கதையும் இருள்கிறது. பிள்ளையோ ஏழையும் ஒரே கோடை விடுமுறையில் முடிக்கப் பார்க்கும். முதல் மூன்றோடு நிறுத்தி, மீதியை அடுத்தடுத்த வருடங்களுக்கு வைப்பதில் தவறில்லை.

எங்கள் வீடுகளில் இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டிய வகை ஒன்றிருக்கிறது. ஒன்ராறியோ எழுத்தாளர் டெபோரா எலிஸின் 'த பிரெட்வின்னர்' 2000 இல் ரொறன்ரோவின் கிரவுண்ட்வூட் பதிப்பகம் வெளியிட்டது. மொழி மிக எளிது. ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு நாளில் முடித்துவிடும். கதையோ தலிபான் ஆட்சியில் காபூலில் வாழும் 11 வயது பர்வானாவுடையது. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் தலைமயிரை வெட்டி, ஆண்பிள்ளை வேடத்தில் உழைக்கப் போகிறாள். காசுக்காக இடுகாட்டில் எலும்பு கிண்டவும் செய்கிறாள். பல வீடுகளுக்கு இது தூரத்து நாட்டுக் கதை. சுவரில் மாலை போட்ட படமோ, திரும்பி வராத சித்தப்பாவோ இருக்கும் வீட்டில் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு, "எங்கட சித்தப்பாவையும் இப்படித்தான் பிடிச்சவங்களோ?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நீங்கள் ஆயத்தமாக இருக்கும் வருடமே அந்தப் புத்தகத்துக்கான வருடம். தடுத்து ஒளிக்கச் சொல்லவில்லை. தனியே வாசிக்க விடாமல் கூட இருந்து வாசியுங்கள் என்கிறேன்.

எங்களவர் பெயரைக் கண்டதும் எடுத்துவிடுவதும் வேண்டாம். ஷியாம் செல்வதுரையின் 'சுவிமிங் இன் த மொன்சூன் சீ' (2005) 1980 இல் கொழும்பில் நடக்கும் அருமையான நாவல். ஆனால் அது 14 வயதுப் பையனின் மனப் போராட்டம். பதின்ம வயதினருக்கு உரியது.

அப்படியானால் எதைக் கொடுப்பது? என் கருத்தில், வயதில் மேலே போவதைவிடக் காலத்தில் பின்னே போவது நல்லது. பழைய சிறுவர் இலக்கியத்தில் வாக்கியம் நீளம், சொல்வளம் அதிகம், கதை மட்டும் பிள்ளைகளின் உலகம். 'ஆன் ஒவ் கிறீன் கேபிள்ஸ்', 'த விண்ட் இன் த வில்லோஸ்' இரண்டும் 1908 இல் வந்தவை. கெட்டிக்கார எட்டு வயதையும் நின்று வாசிக்க வைப்பவை. 'த சீக்ரெட் கார்டன்' (1911) அதே வகைதான். ஆனால் தொடக்கத்தில் இந்திய வேலைக்காரரைப் பற்றி வரும் வெள்ளைக்காரத் தோரணையைப் பிள்ளையோடு பேசாமல் விடாதீர்கள். இன்றைய புத்தகம் வேண்டுமென்றால் உமா கிருஷ்ணசுவாமியின் 'புக் அங்கிள் அண்ட் மீ'யைத் தேடுங்கள். தினம் ஒரு புத்தகம் வாசிக்கும் ஒன்பது வயது யாஸ்மின், தெருமுனை இலவச நூலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும் கதை. இப்படியான பிள்ளைக்குத் தன்னையே பார்ப்பது போலிருக்கும். விண்வெளி, விலங்குகள், வரலாறு பற்றிய அறிவு நூல்களும் கைகொடுக்கும். அங்கே மட்டத்தை உயர்த்தினாலும் பெரும்பாலும் பயமில்லை.

வோபர்ன் குடும்பங்களுக்குக் கிட்டடியில் இருப்பது மார்க்கம் வீதி 545 ஆம் இலக்கத்தில் உள்ள சீடர்பிறே நூலகக் கிளை. அங்கே இல்லாத புத்தகத்தை ரொறன்ரோவின் 100 கிளைகளில் எதிலிருந்தும் இலவசமாக வரவழைக்கலாம். 2022 முதல் தாமதத் தண்டப்பணமும் இல்லை; ஆகவே பத்தை எடுத்து எட்டைப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தாலும் நட்டமில்லை. சிறுவர் பகுதி நூலகரிடம் "நன்றாக வாசிப்பாள், ஆனால் வயது ஏழு, பயங்கரம் வேண்டாம்" என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களின் தொழிலே அது. ஒன்ராறியோ நூலகச் சங்கம் ஒவ்வொரு வருடமும் வெளியிடும் 'சில்வர் பேர்ச் எக்ஸ்பிரஸ்' பட்டியலையும் கேளுங்கள். தரம் 3, 4 பிள்ளைகளுக்கான கனடியப் புத்தகங்கள் அதில் இருக்கும்.

இரவு வேலை செய்துவிட்டு வரும் பெற்றோர் ஆங்கில நாவலை முன்கூட்டியே வாசிப்பது லேசல்ல. நூலக அட்டை இருந்தால் லிபி செயலியில் பல புத்தகங்களை ஒலிவடிவில் இலவசமாகக் கேட்கலாம். பேருந்தில் போகும்போது அரைவாசி முடிந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் சாப்பாட்டு மேசையில் அன்று வாசித்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கதை எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியவரும். சொல் கிடைக்காமல் பிள்ளை தடுமாறும் இடத்தில் அம்மம்மா எடுத்துக் கொடுக்கலாம்.