ஆதிச்சநல்லூர் எலும்புகளும் இறந்தோர் மரபணுவின் அறமும்

தாமிரபரணியின் தென்கரையில், 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 114 ஏக்கர் பரப்பில் முதுமக்கள் தாழிகள் புதைந்துள்ளன. 1876-இல் ஜெர்மானிய ஆய்வாளர் யாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. அடுத்து தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை 150-க்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொல்மரபணு ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. கீழடியை அடுத்த கொந்தகையின் மண்டையோடுகளைக் கொண்டு உருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியாயின. தாழிக்குள் இருப்பவரிடம் இசைவு கேட்க வழியில்லை. அதனால் ஆய்வாளரின் கடமை குறைவதில்லை, கூடுகிறது. அந்தக் கடமை இப்பள்ளத்தாக்கில் இன்று வாழ்வோருக்கு உரியது என்பதே என் வாதம்.

சட்டம் இங்கே கைகொடுக்காது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இறந்தபின் தன் உரிமையைச் செலுத்த ஒருவரை நியமிக்கலாம் என்பதோடு நிற்கிறது. ஆராய்ச்சிக்கு விலக்கும் அளிக்கிறது. நேற்று மருத்துவமனையில் இறந்தவருக்கே இவ்வளவுதான் காப்பு என்றால் தாழியில் கிடப்பவருக்கு எதுவுமில்லை. ஆனால் மரபணு ஒருவரோடு முடிகிற உடைமையன்று. மரபுவழியில் பிறரோடும் பங்கிடப்படுவது. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை 1930-இல் உடற்கூற்றியலாளர் சக்கர்மன் அளந்து எழுதியபோது இனவகைப்பாடே அக்கால அறிவியலின் மொழியாக இருந்தது. அறிவியல் அம்மொழியைக் கைவிட்ட பிறகும், 2004-இல் கிடைத்த எலும்புகள் பற்றிய செய்திகளில் அதே இனப்பெயர்கள் விழுக்காட்டுக் கணக்கோடு திரும்பி வந்தன. நாளை அந்த இடத்தில் சாதிப்பெயர் உட்காரும். தொல்மரபணுவை ஒப்பிடப் பயன்படும் இன்றைய மாதிரிகள் பல, சாதி, பழங்குடிப் பெயர்களின்கீழ் திரட்டப்பட்டவை. கொடியன்குளம் கிராமம் 1995-இல் கண்ட சாதிய வன்முறையை இவ்வட்டாரம் மறக்கவில்லை. சாதியைக் காட்ட மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யும்படி 2024-இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைக்க நேர்ந்த நிலம் இது. இங்கே 'தாழிக்கு உரியவர் எங்கள் முன்னோரே' என்ற ஆய்வக முத்திரை யாருக்குக் கிடைத்தாலும், அது அடுத்த தெருவுக்கு எதிரான ஆயுதமாகும்.

மூவாயிரம் ஆண்டு பழைய எலும்புக்கு ஏது அந்தரங்கம் என்று கேட்கலாம். இறந்தவருக்குத் தீங்கில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், தீங்கு இருப்பவருக்கு. அரிசோனாவின் ஹவசுபாய் மக்கள் நீரிழிவு ஆய்வுக்கெனக் கொடுத்த குருதியை அவர்கள் அறியாமல் இடப்பெயர்வு ஆய்வுக்கும் பயன்படுத்திய வழக்கில், 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இழப்பீடு தந்து மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தது. கட்டுப்பாடுகள் அறிவை முடக்கும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் வெப்ப நிலத்தில் மரபணு விரைவில் சிதைகிறது. சிந்துவெளி நகரான ராக்கிகடியில் 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும் ஒரு பெண்ணின் மரபணுத்தொகையே கிடைத்தது. அந்த ஒன்றைக் கொண்டு ஆரியர் வருகை பற்றி எதிரெதிர் முடிவுகள் 2019-இல் பொதுவெளியில் முழங்கின. மரபணுவுக்காகத் துளையிட்ட உட்செவி எலும்பு மீண்டும் வளராது. அவசரம்தான் அறிவுக்குப் பகை. சமூகத்தைக் கேட்டால் ஆதிக்கச் சாதிகள் தடுப்பதிகாரம் பெறும் என்ற அச்சமும் நியாயமானது. எடின்பரோ பல்கலைக்கழகம் 2019-இல் ஒன்பது மண்டையோடுகளை இலங்கையின் வேடர் பழங்குடியினரிடம் ஒப்படைத்தபோது பெறுவோர் யாரென்பது தெளிவாக இருந்தது. இங்கே அப்படி ஒருவரைச் சுட்டினால் நாம் அஞ்சும் சாதி உரிமைக்கோரலை நாமே தொடங்கி வைத்தவர்களாவோம். ஆகவே எந்தச் சாதிக்கும் தடுப்பதிகாரம் வேண்டாம். எல்லோருக்கும் முன்னறிவிப்பும் விளக்கமும் வேண்டும்.

எந்த எலும்பு, எவ்வளவு, எந்தக் கேள்விக்காக, எந்த ஆய்வகத்துக்கு என்பதைத் துளையிடும் முன்பே ஆதிச்சநல்லூரிலேயே தமிழில் அறிவிக்க வேண்டும். முடிவுகளும் முதலில் அங்கேயே சொல்லப்பட வேண்டும். தனிச் சாதியொன்றோடு தொடர்புபடுத்தும் முடிவை வெளியிடுவதில்லை என ஆய்வுக்குழு எழுதித் தர வேண்டும். இவற்றை ஏற்காத எந்தக் குழுவுக்கும் தொல்லியல் துறை ஓர் எலும்பையும் கொடுக்கக் கூடாது.