உடுத்த சேலையோடு வந்தவளுக்கு

அடி தாங்காது இரவோடிரவாக வீட்டைவிட்டு வெளியேறும் பெண், பல வேளைகளில் உடுத்த சேலையோடும் இடுப்பிற் குழந்தையோடுமே வருகிறாள். தாய்வீட்டார் அளித்த நகையும் பாத்திரமும் புகுந்த வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. அந்த ஸ்திரீதனம் முற்றிலும் அவளுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 1985-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதைத் திருப்பித் தருமாறு ஆணையிடும் அதிகாரத்தை 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் நீதித்துறை நடுவருக்கு வழங்கிற்று. ஆயினும், ஆணை வரும்வரை பசியும் குளிரும் காத்திரா.

முதலில் வேண்டுவது ஓர் அடைக்கலம். வரதட்சிணைக் கொடுமைக்குத் தம் புதல்வியரைப் பறிகொடுத்த சத்யராணி சட்டா, ஷாஜஹான் ஆபா என்னும் தாய்மார் இருவர் முன்னின்று, 1987-ஆம் ஆண்டில் டில்லியில் ‘சக்தி ஷாலினி’யைத் தோற்றுவித்தனர். தம் மக்களுக்குக் கிட்டாத புகலிடம் பிறர் பெற்ற மக்களுக்குக் கிட்டியது.

அடைக்கலம் பெற்றவள் பின்பு தனிக் குடித்தனம் தொடங்கும் நாளில், நம் வீட்டுப் பரணில் உறங்கும் அண்டாவும் போர்வையும் அவளுடைய முதல் உடைமைகளாகலாம். ஒற்றைப் பெட்டியோடு அயலூரில் குடியேறிய நமக்கு அவற்றின் அருமை தெரியும். கிழிசலைக் கழித்துக் கட்டுவது கொடையன்று. இல்லத்தாரிடம் தேவையைக் கேட்டறிந்து, உடன்பிறந்தாளுக்குக் கொடுக்கத் தக்கதையே தூய்மை செய்து கொடுப்போமாக.