கருப்பைத் தசையும் வாயுச் சமிக்ஞை மூலக்கூறுகளும்

நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய மூன்று வாயுக்களையும் மனித உடலின் செல்கள் மிகச் சிறிய அளவில் தாமே உண்டாக்குகின்றன. செல்சவ்வை எளிதில் ஊடுருவிப் பக்கத்துச் செல்லுக்குச் செய்தி சொல்வதால் இவை வாயுச் சமிக்ஞை மூலக்கூறுகள் எனப்படுகின்றன. கருப்பைச் சுவரின் மென்தசையை இம்மூன்றும் தளர்த்த வல்லவை. கர்ப்பகாலம் நெடுக அத்தசை அடங்கியிருப்பதிலும், பேறுகாலத்தில் அது சுருங்கத் தொடங்குவதிலும் இவற்றுக்குள்ள பங்கு 1990கள் முதல் ஆராயப்பட்டு வருகிறது.

காரணம் தெரியாத மருந்து

மருந்து முந்தி வந்தது. விளக்கம் ஒரு நூற்றாண்டு பிந்தி வந்தது. 1867ல் எடின்பரோவில் லாடர் பிரண்டன் நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட்டை முகரக் கொடுத்தார். பேறுகாலத்தில் இடையில் இறுகிப்போன கருப்பையைத் தளர்த்த அதே மருந்தைப் பயன்படுத்தியதை 1882ல் பிரிட்டிஷ் மருத்துவர் ஃபேன்கோர்ட் பார்ன்ஸ் பதிவு செய்தார்.

நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டே தசையைத் தளர்த்துகின்றன என்பதை ஃபெரித் முராத் 1977ல் காட்டினார். இரத்தக் குழாயின் உட்சுவர் ஏதோ ஒரு தளர்த்தும் பொருளைச் சுரக்கிறது என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980ல் கண்டறிந்தார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது லூயிஸ் இக்னாரோ, சால்வடோர் மொன்காடா ஆகியோரின் தனித்தனி ஆய்வுகளால் 1987ல் தெளிவானது. முராத், ஃபர்ச்காட், இக்னாரோ மூவரும் 1998ல் நோபல் பரிசு பெற்றனர்.

கருப்பை ஆய்வுகள்

சந்திரசேகர் யல்லம்பள்ளி, ராபர்ட் கார்ஃபீல்ட் குழுவினர் 1993ல் வெளியிட்ட எலி ஆய்வு இத்துறைக்கு அடித்தளமானது. நைட்ரிக் ஆக்சைடின் மூலப்பொருளான ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், கர்ப்பகாலக் கருப்பைத் தசையைத் தளர்த்தியது. பேறு நடக்கும்போது எடுத்த தசையை அவ்வாறு தளர்த்தவில்லை. வாயுவின் பிடி தளர்வது பிரசவ வலியின் தொடக்கத்துக்கு ஒரு காரணமாகலாம் என்ற கருத்து இதிலிருந்து எழுந்தது.

மனிதரில் நிலைமை இவ்வளவு எளிதாக இல்லை. இரத்தக் குழாயில் இந்த வாயு சி.ஜி.எம்.பி. என்னும் இடைத்தூதரின் வழியே கால்சியத்தைக் குறைத்துத் தசையைத் தளர்த்துகிறது. மனிதக் கருப்பைத் தசையோ அந்த வழியைச் சாராமலும் தளர்கிறது என்று இயன் பக்ஸ்டன் குழுவினர் 1998ல் காட்டினர். நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதி அத்தசையில் எவ்வளவு உள்ளது என்பதிலும் ஆய்வுகள் முரண்படுகின்றன.

கார்பன் மோனாக்சைடு, ஹீம் ஆக்சிஜனேஸ் நொதி ஹீமைச் சிதைக்கும்போது உண்டாகிறது. இந்நொதி கருப்பைச் சுருக்கத்தைத் தடுப்பதையும், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதன் அளவைக் கூட்டுவதையும் அசிவேடோ, அகமது இருவரும் 1998ல் தெரிவித்தனர். விறகுப் புகையிலோ சிகரெட்டிலோ வரும் கார்பன் மோனாக்சைடை இதோடு சேர்த்து எண்ணலாகாது: அது இரத்தத்தின் ஆக்சிஜனைத் தட்டிப் பறித்துச் சிசுவைப் பாதிக்கும் நஞ்சு.

அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் மென்தசையைத் தளர்த்துவதாக 1997ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். கர்ப்பிணி எலியின் கருப்பைத் தசையிலும் அதே விளைவு 2001ல் உறுதியானது. மூன்றையும் ஒரே குடும்பமாக 2002ல் தொகுத்தவர் ரூயி வாங்.

மருத்துவப் பயன்

குறைப்பிரசவ வலி கண்ட 13 பெண்களுக்கு நைட்ரோகிளிசரின் ஒட்டுப்பட்டை தரப்பட்டு கர்ப்பம் நீடித்ததாக 1994ல் லண்டனிலிருந்து அறிக்கை வந்தது. 153 பெண்களைக் கொண்டு கனடாவில் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, பச்சிளங்குழந்தைகளின் கடும் பாதிப்புகள் குறைந்ததாகக் கூறியது. ஆனால் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வுக்கு, வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கச் சான்று போதவில்லை. தலைவலி இம்மருந்தின் பரவலான பக்கவிளைவு. பிரசவ வலியைத் தள்ளிப்போட மருத்துவர்கள் நிஃபெடிபின் மாத்திரையையே பெரிதும் நாடுகின்றனர்.

தள்ளிப்போடுவதன் நோக்கம் ஏறத்தாழ 48 மணி நேர அவகாசம் பெறுவது. சிசுவின் நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யவும், தாயைத் தகுந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் அந்த அவகாசம் வேண்டும். ஆந்திர எல்லையோரம் உள்ள திருத்தணியிலிருந்து சென்னை எழும்பூரின் அரசு மகப்பேறு மருத்துவமனை சுமார் 85 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். 2020ல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பீடு.

கருப்பை வாயில் இதே நைட்ரிக் ஆக்சைடு பேறுக்குத் துணையாகிறது. அது வாயை மிருதுவாக்குவதை 1997ல் கிளாஸ்கோ மருத்துவர்கள் காட்டினர். அதன்பின் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் மாத்திரையைக் கொண்டு இந்தியா உட்படப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. வலியைத் தூண்டாமல் வாயைப் பக்குவப்படுத்துவது இதன் நன்மை. புரோஸ்டாகிளாண்டின் மருந்துகளின் வேகம் இதற்கில்லை. ஹைட்ரஜன் சல்பைடையும் கார்பன் மோனாக்சைடையும் சார்ந்த மகப்பேறு மருந்து எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.